பையன் பெங்களூரில், தீர்ப்பு திருநெல்வேலியில்: வழக்கை எங்கே போடுவது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

உரக்கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் இந்து திருமணச் சட்டப்படி திருநெல்வேலி குடும்ப நல நீதிமன்றத்தில் மனமொத்த விவாகரத்து ஆனது. ஒரே பையன், இப்போது ஒன்பது வயது. பையன் தாயிடம் வளர வேண்டும். மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை தந்தையிடம் இருப்பான். பொங்கல் விடுமுறையும் கோடை விடுமுறையில் பாதியும் தந்தை வீட்டில். மாதம் 12,000 ரூபாய் தந்தை அனுப்ப வேண்டும். இதுதான் தீர்ப்பில் சேர்ந்த ஒப்பந்தம். தாய் பாளையங்கோட்டையில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடந்த ஜூனில் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்க, பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு பையனோடு போய்விட்டார். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிறு சந்திப்பு நின்றுவிட்டது. போன் செய்தால் "டியூஷன் போயிருக்கான்", "தூங்கிட்டான்". கோபத்தில் இவரும் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை.

தசரா விடுமுறைக்குப் பையன் பாளையங்கோட்டையில் உள்ள தாய்வழி ஆச்சி வீட்டுக்கு வரப்போகிறான். "வந்தவனை அப்படியே கூட்டிட்டு வந்து அம்பையில ஸ்கூல்ல சேத்துரு, அப்புறம் கேஸ் இங்கதான் நடந்தாகணும்" என்கிறார் அத்தான். நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன், "ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டால் அந்த ஊர் கோர்ட்டுக்குப் போய்விடும், சீக்கிரம் ஏதாவது செய்" என்கிறான். கடைக்கு வரும் அண்ணாச்சி ஒருவர், "ஐந்து வயது தாண்டிவிட்டால் பையன் அப்பனுக்குத்தான்" என்று உறுதியாகச் சொல்கிறார். தாய் தன்னைக் கேட்காமல் மாநிலம் விட்டுப் போனது குற்றமா, இனி வழக்கு எந்த நீதிமன்றத்தில், பையனை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அந்தத் தசரா யோசனை

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது. பையனைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். அத்தான் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் உங்கள் கையில் இருக்கும் வலுவான வழக்கு ஒரே நாளில் தாயின் கைக்குப் போய்விடும்.

இன்றைய நிலையில் தீர்ப்பை மீறியவர் அவர். ஞாயிறு சந்திப்புகள் நடக்கவில்லை, பையனோடு பேசவும் வழியில்லை என்று நீங்கள் நிமிர்ந்து நின்று சொல்லலாம். பையனை வைத்துக்கொண்ட மறுநாளே, நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்த குழந்தையை எடுத்துக்கொண்டு போனவர் என்று உங்கள் பெயர் மனுவில் ஏறும். பிடித்துவைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போடலாம். சட்டப்படி குழந்தையை வைத்திருக்க உரிமை உள்ளவரிடமிருந்து இன்னொருவர் பிடித்துவைத்திருந்தால், அவர் பெற்றவராகவே இருந்தாலும் அந்த மனு செல்லும். தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் இதைத் தெளிவாக்கியது. போலீஸ் பொதுவாகக் கணவன் மனைவி விவகாரம் என்று ஒதுங்கும். நீதிமன்ற உத்தரவின் நகலை ஒருவர் மேசையில் வைத்துப் புகார் கொடுத்தால் அப்படி ஒதுங்காது.

இவ்வளவு பட்டும் அத்தான் நினைத்த பலன் கிடைக்காது. விடுமுறைக்கு வந்த குழந்தையைப் பிடித்துவைத்து ஒரு பள்ளியில் பெயர் எழுதிவிட்டால் அது அவன் வழக்கமாக வசிக்கும் ஊர் ஆகிவிடாது. அதிகார வரம்பை உண்டாக்கிக்கொள்வதற்காகவே குழந்தையை இடம் மாற்றியிருக்கிறார்களா என்பதை நீதிமன்றங்கள் உற்றுப் பார்க்கும். பள்ளி திறக்கும் முன் பையன் பெங்களூர் போய்ச் சேருவான். உங்கள் சந்திப்பு உரிமை, இன்னொருவர் உடன் இருக்க நீதிமன்ற வளாகத்தில் ஒரு மணி நேரம் என்று சுருங்கும். அப்படிச் சுருங்கியதை மறுபடி விரிக்க எத்தனை வாய்தா ஆகும் என்பது இந்த வளாகத்தில் நடமாடும் எல்லோருக்கும் தெரியும்.

தசராவில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பையன் ஊரில் இருக்கும் நாட்களில் ஒன்றிரண்டு நாள் அவனோடு இருக்க வேண்டும் என்று தாய்க்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சல் இன்னும் நல்லது. சம்மதித்தால் சொன்ன நேரத்துக்குக் கூட்டிப்போய், சொன்ன நேரத்துக்கு முன்பே ஆச்சி வீட்டில் கொண்டுவிடுங்கள். மறுத்தால் அந்த மறுப்பு எழுத்தில் உங்களிடம் இருக்கும்.

அவர் கேட்காமல் போனது குற்றமா?

குற்றம் இல்லை. இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரிகிறது. வேலைக்காக எந்த ஊரிலும் போய் வசிக்க அவருக்கு உரிமை உண்டு. 1890ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்தின் 26ஆம் பிரிவு, நீதிமன்ற அனுமதி இல்லாமல் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று சொல்வது உண்மைதான். யாரோ உங்களுக்கு அதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது அந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் நியமித்த அல்லது அறிவித்த காப்பாளருக்கானது. மனமொத்த விவாகரத்தில் ஒப்பந்தப்படி பையனை வளர்க்கும் தாய்க்கு அது தானாகப் பொருந்தாது. உங்கள் ஒப்பந்தத்தில் ஊர் மாறினால் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற வரியும் இல்லை. நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்துவிட்டேன். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை அவசர அவசரமாகத் தட்டச்சு செய்யும்போது அந்த வரியை யாரும் நினைப்பதே இல்லை. நகை, சீர் பாத்திரம், டெபாசிட் எல்லாவற்றுக்கும் தனித்தனி பத்தி இருக்கும். பிள்ளைக்கு மூன்று வரி.

அவர் செய்த தவறு வேறு. மாதம் இரண்டு ஞாயிறு பையனைத் தந்தையிடம் விட வேண்டும் என்ற உத்தரவு பெங்களூர் போனதால் செத்துப்போகவில்லை. அதை நடத்த முடியாது என்றால், மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான். கேட்காமல் நிறுத்திவிட்டார். உங்கள் பிடிமானம் அதில்தான் இருக்கிறது.

விக்ரம் வீர் வோரா வழக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் மனமொத்த விவாகரத்து. பையன் தாயிடம், தந்தைக்குச் சந்திப்பு உரிமை. தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. ஒப்புக்கொண்ட நிபந்தனையை மாற்றக்கூடாது என்றார் தந்தை. உச்ச நீதிமன்றம் 2010இல் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. குழந்தை பற்றிய உத்தரவு கல்லில் வெட்டியது அல்ல, குழந்தையின் தேவைக்கு ஏற்ப மாற்றலாம் என்பது அதன் அடிப்படை. நீதிபதிகள் பையனைத் தனியே அழைத்துப் பேசினார்கள்; தாயோடு இருக்கவே அவன் விரும்பினான். ஆஸ்திரேலியாவுக்கே அனுமதி என்றால் பெங்களூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வா என்று எந்த நீதிபதியும் உத்தரவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதே தீர்ப்பின் இன்னொரு பக்கம் உங்களுக்கு உதவும். ஒப்பந்தத்தை மாற்றலாம் என்றால், உங்களுக்குச் சாதகமாகவும் மாற்றலாம்.

எந்த நீதிமன்றம்?

இது நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இருக்கிற உத்தரவை நடத்தித் தாருங்கள், அல்லது சந்திப்பு முறையைப் புதிய நிலைமைக்கு ஏற்ப மாற்றித் தாருங்கள் என்று கேட்பதானால், திருநெல்வேலி குடும்ப நல நீதிமன்றத்துக்கே போகலாம். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகும் குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றி அவ்வப்போது உத்தரவிடும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குத் தருகிறது. (நம் பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய, அவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் இதற்கு ஒத்த பிரிவு உண்டு.) உத்தரவை நிறைவேற்றுவதற்குக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு இருக்கிறது. உத்தரவிட்ட நீதிமன்றமே நிறைவேற்றலாம், அல்லது வேறு ஊர் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பியும் நிறைவேற்றலாம். மாநில எல்லை இதற்குத் தடையில்லை.

பையனை முழுதாக என் பொறுப்பில் தாருங்கள் என்று மேலே சொன்ன 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் கீழ் புதிதாக மனு போடுவதானால் கதை வேறு. அதன் 9ஆம் பிரிவு, குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தையே காட்டுகிறது. தந்தையின் ஊரோ, திருமணம் நடந்த ஊரோ, குழந்தை பிறந்த ஊரோ கணக்கில் இல்லை. அங்கே வசிப்பது தற்காலிகமா, நிலைத்து இருக்கும் எண்ணத்தோடா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று ருச்சி மஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. உங்கள் பையன் அங்கே சில மாதம்தான் இருக்கிறான். ஆனால் தாய்க்கு வேலை, வாடகை வீடு, அவனுக்குப் பள்ளிச் சேர்க்கை எல்லாம் அங்கே. இந்த மனுவுக்குப் பெங்களூர்தான் என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதை உடைப்பது கடினம்.

நியூஜெர்சி தம்பி சொன்ன ஆறு மாதக் கணக்கு அவர் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டம் ஒன்று உண்டு. வழக்குக்கு முன் குழந்தை தொடர்ந்து ஆறு மாதம் வசித்த மாநிலத்தின் நீதிமன்றமே முதல் உரிமை உள்ளது என்பது அதன் விதி. முதலில் உத்தரவிட்ட நீதிமன்றம், பெற்றோரில் ஒருவராவது அதே மாநிலத்தில் இருக்கும்வரை அதிகாரத்தை வைத்துக்கொள்ளும் என்பதும் அதில் உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்ற கெடு எதுவும் இங்கே எழுதப்படவில்லை. அதனால் டிசம்பருக்குள் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். அதற்காக இரண்டு வருடம் சும்மா இருந்துவிடவும் கூடாது. பையன் அங்கே வேர்விட்டுப் போவான், நீதிபதியும் அதைப் பார்ப்பார்.

திருநெல்வேலியில் மனு போட்டால் அவர் என்ன செய்வார் என்பதையும் இப்போதே யோசியுங்கள். அதிகார வரம்பு இல்லை என்று ஆட்சேபிக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி வழக்கைப் பெங்களூருக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம் மதுரைக் கிளைக்குக் கிடையாது. பெண்கள் கேட்கும் மாறுதல் மனுக்களில், குழந்தையை வைத்திருப்பவர், வேலைக்குப் போகிறவர் என்பதற்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. டெல்லியில் ஒரு வக்கீல் வைக்க வேண்டிய செலவு உங்களுக்கும் வரும். எனவே அவருக்கு இங்கே வந்து போவது சிரமமாகத் தெரியாதபடி மனுவைச் சிறிதாக, நியாயமாக வைத்துக்கொள்வது உங்களுக்கே லாபம். காணொலியில் ஆஜராக எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஐந்து வயதும் பன்னிரண்டாயிரமும்

அண்ணாச்சி சொன்னது சட்டத்தைப் பாதியில் நிறுத்திப் படித்தது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்ததும் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது.

ஒன்பது வயதுப் பையனை நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பேசுவார். "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா" என்று அனுபவமுள்ள நீதிபதி கேட்பதில்லை. ஸ்கூலுக்கு எதில் போகிறாய், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய், ராத்திரி யார் பக்கத்தில் படுப்பாய் என்று கேட்டுக்கொண்டே போவார். சொல்லிக்கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். "எனக்கு அங்கே மன நிம்மதி இல்லை சார்" என்று மூன்றாம் வகுப்புக் குழந்தை சொன்னால், அந்த வாக்கியத்தை எந்த வக்கீல் அலுவலகத்தில் எழுதினார்கள் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனவே பையனிடம் வழக்கைப் பற்றி எதுவும் பேசாதீர்கள்.

பணத்தை நிறுத்தியது தவறு. சந்திப்பு நடக்காதது உங்களுக்கும் தாய்க்கும் இடையே உள்ள குறை. அந்த 12,000 ரூபாய் பையனுடையது. ஒன்றுக்கு ஒன்று ஈடு கட்டச் சட்டம் விடாது. உங்கள் மனுவுக்கு அவர் தரும் பதிலின் முதல் பத்தியே இந்த மூன்று மாதப் பாக்கியாகத்தான் இருக்கும். மொத்தத்தையும் வங்கிக் கணக்கு வழியாக, மாதம் குறிப்பிட்டு அனுப்பிவிடுங்கள். கையில் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் என்ன கேட்பது?

முழுப் பொறுப்பு கேட்டு இப்போது போக வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கடிதத்தில் பையன் அங்கே சரியாகச் சாப்பிடவில்லை, அடிபடுகிறான், பள்ளிக்குப் போகவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அவனைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் நான்கு பக்கமும். அதைத் தீர்ப்பதற்கு மனு போடுங்கள். நிலைமை மோசமானால் பெங்களூர் வழி திறந்தேதான் இருக்கும்.

பழைய ஏற்பாட்டை அப்படியே கேட்பதிலும் பயனில்லை. இரண்டு ஞாயிறுக்காக ஒன்பது வயதுப் பையனை மாதம் இருமுறை இரவு ரயிலில் ஏற்றி இறக்க யாரும் உத்தரவிட மாட்டார்கள். பொங்கலைப் பாருங்கள்: நமக்கு நான்கைந்து நாள் விடுமுறை, கர்நாடகப் பள்ளியில் சங்கராந்தி அன்று ஒரே நாள். உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் "பொங்கல் விடுமுறை" அங்கே போனதும் காற்றாகிவிட்டது. அங்கே நீளமானது தசரா விடுமுறை. அதைக் கேளுங்கள். அவன் பள்ளியின் இந்த வருட நாட்காட்டியை வாங்கி மனுவோடு இணைத்தால் பேச்சு உடனே தரைக்கு வரும்.

நான் எழுதினால் மனுவில் இவை இருக்கும்: தசரா விடுமுறையில் பெரும்பகுதியும் கோடையில் பாதியும் உங்களிடம். மாதம் ஒரு சனி, ஞாயிறு நீங்கள் பெங்களூர் போய்ப் பார்ப்பது. வாரம் இரண்டு நாள், குறித்த நேரத்தில் வீடியோ அழைப்பு. நேரம் எழுதப்பட்டிருந்தால் "தூங்கிட்டான்" வராது. நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்கு இப்படிப் பேசும் உரிமை வேண்டும் என்று 2020இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றமே வலியுறுத்தியிருக்கிறது. ரேங்க் கார்டும் மருத்துவ விவரமும் உங்களுக்கும் வர வேண்டும். இனி ஊர் மாறினால் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு யார் கூட்டிவருவது, யார் கொண்டுவிடுவது, டிக்கெட் யார் செலவு என்பதையும் விடாதீர்கள், சண்டை முக்கால்வாசி அங்கேதான் வரும். பெங்களூரில் பையனை எங்கே தங்கவைப்பீர்கள் என்று நீதிபதி கட்டாயம் கேட்பார். "லாட்ஜில்" என்ற பதில் எடுபடாது. அங்கே குடும்பத்தோடு இருக்கும் உறவினர் வீடு ஏதாவது இருந்தால் முகவரியோடு தயாராக இருங்கள்.

மனு போடும் முன் இதே பட்டியலைத் தாய்க்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பிப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் அதற்கு அப்புறம். மனு போட்டாலும் நீதிமன்றம் முதலில் ஆலோசகரிடமும் சமரசத்துக்கும்தான் அனுப்பும். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. மனமொத்துப் பிரிந்த இருவருக்கு அங்கே முடிய நல்ல வாய்ப்பு உண்டு.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது தீர்ப்பு, ஒப்பந்தம் இரண்டின் சான்றிட்ட நகல், பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகள், ஜூன் முதல் இன்று வரையான வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும் கொண்டுபோங்கள். உங்களுக்குச் சாதகமான நான்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். கட்டணம் இடித்தால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமான வரம்புக்குள் வரும் ஆண்களுக்கும் இலவச உதவி உண்டு. இந்த வாரம் பாக்கியை அனுப்புங்கள், தசரா சந்திப்புக்கான மின்னஞ்சலும் இதே வாரம் போகட்டும். மனுவை விடுமுறை முடிந்து பையன் பெங்களூர் திரும்பிய பிறகு போடலாம்.